மைனஸைத் தின்றது யார்?

சம்பளம் வாங்காமல் ஆட்களைத் திட்டுகிற வேலை உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் வாய்த்திருக்கிறது. விளக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் என்னைத் தெருக்குழாய்ச் சண்டைக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதுகிற ஓர் இயங்குதளம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. அதன் உள்ளே எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அந்தக் கெர்னலில் ஒரு சின்ன மூலை, இயந்திரத்திடம் இருக்கிற எண்களை மனிதர் படிக்கிற எழுத்தாக மாற்றிக் கொடுக்கிறது. அந்த மூலையில் யார் ஒரு வரியை மாற்ற நினைத்தாலும், அது முதலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி மெயிலில் வரும். அதைப் படித்து, நொட்டை சொல்லி, திருப்பி அனுப்பி, கடைசியில் சரியாக வந்தால் 'பார்த்தேன், சரி, ரேணுகா' என்று ஒரு வரி போடுவது என் வேலை. அந்த வரி விழாமல் அங்கே ஈ, எறும்பு நுழையாது. பகலெல்லாம் ஆபீஸ். காலையில் ஏழு மணிக்கு, கூடுவாஞ்சேரி வீட்டு பால்கனியில் காபி டம்ளரோடு இந்த உத்தியோகம்.

"யாரையாவது அழ வெச்சாச்சா? நான் குளிக்கப் போகலாமா?" என்று என் கணவர் ரமேஷ் தினமும் கேட்பார். அவருக்கு எல்லாம் வேடிக்கை.

ஒரு செவ்வாய்க்கிழமை கவியா என்ற பெயரில் ஒரு மாற்றம் வந்தது. நான்கே வரி. வெப்பமானி தருகிற அளவை எழுத்தாக மாற்றும்போது, பூஜ்யத்துக்கும் மைனஸ் ஒன்றுக்கும் நடுவில் உள்ள எண்களுக்கு மைனஸ் குறி காணாமல் போகிறது என்று எழுதியிருந்தாள். நான் பார்த்தேன். ஆமாம், போகிறது! எண்ணின் முழுப் பகுதியைத் தனியாகவும் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தனியாகவும் அச்சடிக்கிற வரி அது. மைனஸ் ஒன்றரை என்றால் முழுப் பகுதி மைனஸ் ஒன்று, குறி தப்பித்துவிடும். மைனஸ் அரை என்றால் முழுப் பகுதி வெறும் பூஜ்யம். பூஜ்யத்துக்கு ஏது மைனஸ்? ஆகவே மைனஸ் அரை டிகிரி, வெறும் அரை டிகிரி என்று திரையில் வரும். திருத்தியிருந்த விதமும் சுத்தமாக இருந்தது. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஆனால் ஒரு வரி இல்லை. எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. பிழையைத் திருத்துகிறவர், அந்தப் பிழை எந்த மாற்றத்தில், யார் கையால் உள்ளே வந்தது என்று அடியில் எழுத வேண்டும். பழி சொல்வதற்கு இல்லை. பழைய பதிப்புகளிலும் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டுமே, அதற்கு. பழைய வரலாறு முழுக்கச் சேமிப்பில் இருக்கிறது, ஒரு கட்டளை தட்டினால் பெயர் வந்து விழும். "அந்த வரியைச் சேர்த்து அனுப்பவும்" என்று பதில் போட்டேன்.

புதன்கிழமை இரண்டாம் பதிப்பு வந்தது. அந்த வரி இல்லை. வியாழக்கிழமை மூன்றாம் பதிப்பு. அதிலும் இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். இந்தப் பிழையை எழுதிய மேதாவி யாரோ, தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். அவர் பெயர் இல்லாமல் இதை நான் ஏற்க மாட்டேன்" என்று உலகமே பார்க்கிற மெயிலில் எழுதினேன். ஜெர்மனியிலிருந்து ஒருத்தர் சிரிப்புப் பொம்மை போட்டார்.

"நீயே தேடிப் பார்த்துச் சேர்த்துடலாமே ரேணு, ஒரு நிமிஷ வேலைதானே?" என்றார் ரமேஷ்.

"நான் ஏன் பார்க்கணும்? அனுப்பறவங்க வேலை அது. ஒருத்தருக்குப் பார்த்தா நாளைக்கு ஊருக்கே நான் பார்க்கணும்."

வெள்ளிக்கிழமை நான்காம் பதிப்பும் அப்படியே வந்தது. சனிக்கிழமை காலை எனக்கு மட்டும் தனியாக ஒரு மெயில், தமிழில்.

'வணக்கம் மேடம். நான் மாமல்லபுரம். கேமரா, இன்வெர்ட்டர் மாட்டுகிற கடையில் வேலை. இங்கே மீன் வைக்கிற குளிர் அறையில் எங்க அப்பா முனிசாமி பதினோரு வருஷமாக் காவல். போன மாசம் அந்த அறைக்கு நான்தான் வெப்பமானிப் பெட்டி மாட்டினேன். அதுல ஓடுறது நம்ம கெர்னல்தான், முதலாளி போனுக்கே அளவை அனுப்பும். மைனஸ் பாய்ண்ட் ஆறு இருக்கும்போது அது பாய்ண்ட் ஆறுன்னு காட்டுது. அறை எப்பவும் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கணும். அப்பா கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குறார்னு முதலாளி முடிவு பண்ணிட்டார். திங்கட்கிழமை புது ஆள் வரப் போறான். மிஷின் தப்புன்னு நான் சொன்னா, அப்பனுக்காகப் பொண்ணு கதை கட்டுறான்னு சொல்றார். அந்த ப்ரோக்ராமைப் பார்த்துக்கிறவங்க ஒத்துக்கிட்டா நம்புறேன்னு சொல்லியிருக்கார். ஞாயிறு பத்து மணிக்கு வருவார். நீங்க சரின்னு ஒரு வரி போட்டாப் போதும் மேடம். அந்தப் பெயர் வரி மட்டும் வேண்டாமே. போட்டா ஒருத்தங்களுக்குச் சங்கடம்.'

இரண்டு தடவை படித்தேன். நான் ஒரு வரிக்காக மல்லுக்கு நிற்கிறேன், அங்கே ஒரு மனிதனின் வேலை போகப் போகிறது. ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் கிளறிவிட்டது. சங்கடமாம், சங்கடம்! ஒரு மனிதன் பிழைப்பே ஆட்டம் காணும்போது எவனோ ஒருத்தனுக்குச் சங்கடம் பார்க்கிறாளே இந்தப் பெண்!

"நாளைக்கு மாமல்லபுரம் போறோம். நேர்ல பார்த்து ரெண்டு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்றேன் ரமேஷிடம்.

"வஞ்சிரம் கிடைக்குமா?" என்றார் அவர்.

கவியாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, ஞாயிறு காலை ஸ்கூட்டரில் செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. கடற்கரைக்குப் பின்தெருவில் இருந்தது குளிர் அறை. வாசலில் இருபத்தாறு வயது மதிக்கத்தக்க பெண் மடிக்கணினியோடு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"மேடம்… நெசமாவே வந்துட்டீங்களா?"

உள்ளேயிருந்து ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக ஒருவர் எட்டிப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது, இவர் மார்கழி மாதத்தில் இருக்கிறார்.

"இன்னா கவியா, இவங்கதான் அந்தத் திட்டுற மேடமா?"

"நைனா, சும்மா இரு!"

"ஆமாங்க, நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

முனிசாமி எங்களை உள்ளே அழைத்துப் போய், பின்னாலேயே கதவைச் சாத்தினார். பற்கள் அடித்துக்கொண்டன. சுவரில் இரண்டு பெட்டிகள். பழையதில் 0.6. கவியாவின் திருத்தம் போட்டதில் -0.6. நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி வெப்பமானி, அதுவும் பூஜ்யத்துக்குக் கீழே. பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. மணிக்கு ஒரு தடவை மூன்று அளவையும் முனிசாமி எழுதியிருந்தார், ஐந்து நாளாக, தன் காவல் நேரத்தில் ஒரு மணி கூட விடாமல்.

"பாருங்க மேடம். நான் சாத்தின கதவு சாத்தினபடிதான் கீது. உள்ள கை மரத்துப் பூடுது. இது என்னடான்னா, ஜில்லு ஏற ஏற நம்பரும் ஏறுது! பாய்ண்ட் எட்டு, பாய்ண்ட் ஒம்போதுன்னு போயி, தடால்னு மைனஸ் ஒண்ணுன்றான். பேஜாரு புடிச்ச மிஷினு!"

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நிஜமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஒழுங்காகச் சோதித்த ஆளை நான் பார்த்ததில்லை. பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் "ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம், ஓடியது" என்று எழுதி அனுப்புவார்கள்.

வெளியே வந்ததும் கவியாவைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாம் பிரமாதம். இப்ப சொல்லு. எந்தப் புண்ணியவான் எழுதின வரி அது? யாருக்குச் சங்கடம்?"

அவள் தரையைப் பார்த்தாள். ரமேஷைப் பார்த்தாள். வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"வேணாம் மேடம்."

"ஏய், சொல்லப் போறியா இல்லையா?"

"அத்தினி பேர் பாக்குற மெயில்ல நான் எப்டி மேடம் போடுவேன்? எங்க வூட்ல பெரியவங்க பேரை அப்டிப் போட மாட்டோம்" என்றபடி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மாற்றம். எழுதியவர்: ரேணுகா ரமேஷ்.

ஐயோ!

என் முதல் மாற்றம் அது. பிரசவ விடுமுறையில், மகனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் தட்டியது. தூக்கக் கலக்கம் என்று எழுதினேன் இல்லையா, அது மட்டும் சத்தியமான வார்த்தை. அது உள்ளே போன அன்று ரமேஷ் அபார்ட்மெண்ட் முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். நான்கு நாளாக இந்தப் பெண் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், நான் அவளைச் சட்டம் தெரியாதவள் என்று உலகத்தின் முன் வறுத்துக்கொண்டிருந்தேன். முகம் சூடாகிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த நேரம் பார்த்து ரமேஷுக்குப் புரை ஏறியது. இருமி, சிரித்து, கண்ணில் நீர் வழிய, ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மேதாவி! மேதாவி!" என்பதற்கு மேல் அவருக்கு வாய் வரவில்லை. முதலில் அவரை முறைத்தேன். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கவியாவும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன்னை என்ன பண்றது தெரியுமா? உங்க அப்பா வேலை போகும்போதுமா மரியாதை பார்ப்ப?" என்று அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். "இனிமே மேடம்னு கூப்பிடாதே. அக்கான்னு கூப்பிட்டு, தப்பு உன்னுதுன்னு முகத்துக்கு நேரா சொல்லு."

"தப்பு உங்குளுதுதான்க்கா" என்றாள் உடனே. எவ்வளவு நாளாக அடக்கி வைத்திருந்தாளோ.

பத்து மணிக்கு முதலாளி தமிழ்வாணன் காரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் போன். முனிசாமி குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். சற்று முன் எங்களிடம் வாயடித்த மனிதர் அவர் என்று சொல்லவே முடியாது.

"இன்னாம்மா கவியா, மெயிலு வந்துச்சா இல்லியா?" என்றார் முதலாளி.

"ஒரு நிமிஷம் சார், வந்துகிட்டே இருக்கு" என்று நான் ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து மடிக்கணினியை வாங்கிக்கொண்டேன்.

"நீங்க யாரும்மா?"

"அந்த மெயில் எழுத வேண்டியவ."

கவியாவின் மாற்றத்துக்கு அடியில் நானே வரிகளைச் சேர்த்தேன். பிழை நுழைந்தது இந்த மாற்றத்தில், எழுதியவர் ரேணுகா. திருத்தியவர் கவியா. அடுத்து எங்கள் வழக்கப்படி இன்னொரு வரி உண்டு, நிஜக் கருவியில் வைத்துப் பார்த்தவருக்கு. சோதித்தவர் முனிசாமி, மாமல்லபுரம் என்று அடித்தேன். பார்த்தேன், சரி, ரேணுகா. அதற்கும் கீழே, 'நான் தேடச் சொன்ன மேதாவி நானேதான், கவியாவிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒரு வாக்கியம். அனுப்பிவிட்டேன். எத்தனை லேசாக இருந்தது தெரியுமா!

பொதுவில் போன மெயிலைத் தமிழ்வாணன் தன் போனிலேயே திறந்து பார்த்தார். என்னை நம்பவில்லை போலிருக்கிறது. அறைக்குள் போய் இரண்டு பெட்டிகளையும் கண்ணாடி வெப்பமானியையும் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். போனோடு வந்து அறை வாசலிலேயே நின்றுகொண்டார். நாங்கள் எல்லோரும் அவரைச் சுற்றிக் கூடிவிட்டோம்.

"அப்ப தப்பு யாருது?"

"என்னோடது சார். நூத்துக்கு நூறு. மைனஸைத் தின்னது நான். இவர் கதவைச் சாத்தித்தான் வெச்சிருந்தார்."

"சோதித்தவர் முனிசாமின்னு போட்டுகீது?"

"ஆமா. அவர் எழுதி வெச்ச கணக்கை நம்பித்தான் நான் சரின்னு போட்டேன். இனி உலகத்துல எங்க, யார் தேடினாலும் அந்தப் பேர் இருக்கும்."

"எம் பேரா?" என்றார் முனிசாமி. கவியாவைப் பார்த்தார். "ஏமே, எம் பேரையா போட்டுகீறாங்க?"

அவள் தலையாட்டினாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். முதலாளி மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார், உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாக.

திடீரென்று முனிசாமி குல்லாவைத் தலையில் மாட்டினார். எங்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மொதலாளி! படிக்கிறதுன்னா வெளிய வந்து படிங்க! கதவ முழுசாத் தொறந்து போட்டுகினு எவ்ளோ நேரமா நின்னுகினு கீறீங்க! அங்க பாருங்க, பாய்ண்ட் மூணு. பொய்யி இல்ல, நெசமான பாய்ண்ட் மூணு! மீனெல்லாம் இன்னாத்துக்கு ஆவுறது?"

தமிழ்வாணன் துள்ளி வெளியே வந்து, இரண்டு கையாலும் கதவை இழுத்துச் சாத்தினார். கொண்டி விழுந்ததா என்று குனிந்து பார்த்தார். பிறகு போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினார்.

"அலோ, தம்பியா? நாளைக்கு நீ வர வேணாம்பா. இங்க ஆளு கீது."