மூன்றாம் பாகத்தின் தாடி

சௌகத் அலி வீட்டு அலமாரியில் நின்ற மூன்று பொம்மைகளில், மூன்றாம் பாகத்துப் பொம்மைக்கு மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் சவரம் செய்ய வேண்டியிருந்தது. மாமல்லபுரம் கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். மின்னல் மயில்வாகனன் என்ற பறக்கும் வீரனின் படத்தில் ஒவ்வொரு பாகம் வந்தபோதும், செங்கல்பட்டில் தியேட்டர்களுக்குக் கட்-அவுட் செய்யும் ஏசுபாதத்திடம் சொல்லி முழ உயரத்தில் ஒரு பொம்மை வாங்கிவிடுவார். நடிகரின் தோளிலிருந்த அம்மைத் தழும்பைக்கூட ஏசுபாதம் விடமாட்டார். மூன்றாம் பாகத்தில் வீரன் பாதிப் படம் சிறையில் கிடந்ததால், அந்தப் பொம்மைக்கு லேசாகத் தாடியும் வைத்திருந்தார். எழுபத்து நாலாம் வருஷ மழையில் அது வளரத் தொடங்கியது. "வூட்ல ஒரு தாடி பத்தாதா?" என்று கேட்ட மனைவி லத்தீஃபா, பழைய பிளேடைப் பாதியாக ஒடித்து அவர் கையில் கொடுத்தாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

கல்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்த தாமோதரன், சதுரங்கப்பட்டினத்தில் தனியாகக் குடியிருந்தார். சாயங்காலமானால் பஸ் ஏறி சௌகத் அலி வீட்டுக்கு வந்துவிடுவார். எந்தப் பாகம் உசத்தி என்று இருவரும் பேசிப் பேசியே, ஒரு படமும் பார்க்காத லத்தீஃபாவுக்கு மூன்று கதையும் மனப்பாடம். எழுபத்தாறில் ஒருநாள் பேச்சு முற்றியது.

"மூணாம் பாகத்துல பறக்குறப்ப கம்பி தெரியுது பாய்," என்றார் தாமோதரன்.

"அது கம்பி இல்ல சார், மின்னலு."

"பொம்மைக்குத் தாடி வளர்ந்து என்ன, கதை வளரலையே!"

சௌகத் அலி எழுந்து நின்றார். "இனிமே இந்த வூட்டுப் படி ஏறாதீங்க."

அதற்குப் பிறகு அவருக்குச் சோறும் இறங்கவில்லை, சவரத்துக்கும் கை போகவில்லை. பொம்மையின் தாடி அலமாரியை விட்டு இறங்கி, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய், கடலோரச் சாலையில் தெற்கே திரும்பியது. கோழிகள் அதில் முட்டையிட்டன. பஸ் டிரைவர்கள் ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். வழியிலிருந்த குப்பத்துப் பெண்கள் அதன்மேல் கருவாடு காயப்போட்டார்கள். ஆடி மாதத்தில் அது சதுரங்கப்பட்டினத்தை அடைந்து, இடிந்த கோட்டையைச் சுற்றிக்கொண்டு தாமோதரன் வீட்டு வாசலில் நுழைந்தது. அலுவலகத்தில் எல்லோரும் பிரமோஷனைப் பற்றியே பேசியதில் வாடிப்போயிருந்த மனிதர், பார்த்ததுமே மூன்றாம் பாகம் என்று தெரிந்துகொண்டார். லீவு போட்டுவிட்டு, தாடியைச் சுருட்டிக்கொண்டே வடக்கே நடந்தார். பாதி வழியில் மாட்டுவண்டி பிடிக்க வேண்டியதாயிற்று.

கதவைத் திறந்த லத்தீஃபா வைக்கோல்போர் உயரத்துக்கு நின்ற தாடியைப் பார்க்கவேயில்லை. "உங்க கட்சியையும் சேத்து இவரே பேசிக்கினு கீறாரு சார். என்னால தாங்கல. உள்ள வாங்க," என்றாள்.

சௌகத் அலி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். "கம்பி தெரியுது சார். ஒரு எடத்துல. ஒரே ஒரு எடத்துல," என்றார். தாமோதரன் பிளேடை எடுத்து நீட்டினார்.

மறுவருஷம் நான்காம் பாகம் செங்கல்பட்டுக்கு வந்தபோது மூவரும் போனார்கள். சௌகத் அலி பொம்மையை இடுப்பில் வைத்திருந்தார். கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். கவுண்டர்காரர் எட்டிப் பார்த்து, "மோவாயெல்லாம் முள்ளா கீது, இதுவா கைக்கொழந்த?" என்று முழு டிக்கெட்டாகவே கிழித்துக் கொடுத்தார். நியாயந்தான் என்று பட்டதால் சௌகத் அலி மேற்கொண்டு பேசவில்லை.