புள்ளி விழுந்த படம்

சுனில்டாவுக்கு இருந்தது ஒற்றைச் சிறுநீரகம். கல் அடைத்து மற்றொன்றை எடுத்தாயிற்று. அந்தச் சீக்கில் அவள் சி.டி. இயந்திரத்துக்குள் போய்வந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. பேருந்து நிலையத்தில் சிப்பா ரொட்டி விற்பவள், இப்போது காய்ச்சலும் அடிவயிற்று வலியுமாக, பராகுவாய் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள்.

ஸ்கேன் பிரிவு மருத்துவர் நிமியா அவளைப் பார்த்தாள். சுனில்டா எலும்பும் தோலுமாக இருந்தாள். மலைபோன்ற ஆளுக்குச் செலுத்தும் கதிரும், சிறுநீரகத்தை வாட்டும் சாய மருந்தும் இவளுக்கு எதற்கு? நிமியா இயந்திரத்தின் மின்னழுத்தத்தைக் குறைத்தாள். அது குறைந்தால் சாயம் இன்னும் பளிச்சென்று தெரியும் என்பதால் சாயத்தையும் பாதியாக்கினாள். படத்தில் மட்டும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் விழும். விழட்டும் என்று விட்டாள்.

மூத்த அறுவை மருத்துவர் எவேலியோ முகம் சுளித்தார்.

"இது படமா, மாவு சிந்தின தரையா? பழைய அளவுலயே திரும்ப எடுங்க."

"எடுக்க மாட்டேன். குடல்வால் பக்கத்துல சீழ் கட்டியிருக்கு. தெரியுதா, இல்லையா?"

"தெரியுது. தெளிவா இல்ல."

"அழகான படம் வேணும்னா கல்யாண ஸ்டுடியோவுக்குப் போங்க டாக்டர். இந்த அம்மாவுக்கு இருக்கறது ஒரே கிட்னி."

மருத்துவமனை இயக்குநர் வந்தார். "பெரியவர் கேக்கறாரு நிமியா. ஒரு தடவைதானே?"

"இவ்வளவு நாளா எல்லாரும் அந்த 'ஒரு தடவை'யத்தான் சொல்லிட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு ஸ்கேன் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைத் தண்ணீர்க் குடுவையை மடியில் வைத்து நிதானமாக உறிஞ்சினாள். தள்ளுபடுக்கையில் கிடந்த சுனில்டா தலையைத் தூக்கினாள்.

"வயிறு என்னோடது. என்னைக் கேக்காம என்ன சண்டை? நான் மறுபடி உள்ள போகல. அறுக்கறதுன்னா அறுங்க."

எவேலியோ முணுமுணுத்துக்கொண்டே அறுத்தார். நிமியா சொன்ன இடத்திலேயே சீழ் இருந்தது. ஆனால் குடல் மடிப்புக்குப் பின்னால் இன்னொரு சின்னச் சீழ்ப்பையும் இருந்தது. அதை நிமியாவின் அறிக்கை சொல்லவில்லை.

"உங்க படம் ஒண்ணைக் கோட்டை விட்டுடுச்சு" என்றார், செவிலியர்கள் கேட்கும்படியாக.

நிமியா கணினிக்குத் திரும்பினாள். படங்களைத் திறந்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள். மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல், அது அங்கே இருந்தது. பேசாமல் மூடியிருக்கலாம். அவள் அவரைக் கூப்பிட்டாள்.

"படம் விடல. நான்தான் விட்டேன். இதோ."

எவேலியோ கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "அப்ப இனிமேலாவது அளவைக் கூட்டுவீங்களா?"

"மாட்டேன். இன்னும் நேரம் எடுத்துப் பாப்பேன். என் கண்ணு பண்ணின தப்புக்கு அவங்க உடம்பு ஏன் அனுபவிக்கணும்?"

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வார்டுக்குப் போனார்.

சுனில்டாவின் சிறுநீரகம் தாக்குப்பிடித்தது. புண் ஆறியதும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனாள். எவேலியோ மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. புள்ளி விழுந்த படங்களைத் திட்டிக்கொண்டே வாங்கிப் போனார். நிமியா, அவர் திட்டத் திட்ட, சாயத்தை அளந்து வைக்க அடுத்த நோயாளியை எடை பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.