புனர்பூஜை ஆகாத துப்பாக்கி

கிட்ட வாங்க கண்ணுங்களா, கதவோரத்தில் காற்று அடிக்கிறது, இப்படி நெருங்கி உட்காருங்கள். இன்றைக்கு ஒரு சேனாபதியின் கதை சொல்கிறேன். படை இல்லாத சேனாபதி. எதிரியும் இல்லாதவன். இருந்ததெல்லாம் ஒரு கைத்துப்பாக்கியும், அதைவிடக் கனமான ஒரு பிளாஸ்டிக் அட்டையும்தான்.

பெயரே சேனாபதிதான், கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். ஹூஸ்டனில் வேலை, பக்கத்துப் பேர்லேண்டில் வீடு. மனைவி நாகமணி, பள்ளிக்கூடம் போகிற மகள் ரோஷினி. டெக்சாஸில் துப்பாக்கியை உடம்பில் மறைத்துக்கொண்டு நடமாடலாம், லைசென்ஸ் எடுத்தால் போதும் என்று தொண்ணூற்றாறில் சட்டம் வந்தது. அவ்வளவுதான், நம்மவருக்கு முதுகெலும்பு ஓர் அங்குலம் நீண்டுவிட்டது. வகுப்பில் உட்கார்ந்தார், காகித மனிதனைச் சுட்டார், கைரேகை வைத்தார். அட்டை வந்த அன்று வீட்டில் பாயசம். அவருடைய தாத்தா கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கியவராம். பேரன் அதைவிடச் சுலபமாக வாங்கிவிட்ட பெருமையை ஹூஸ்டன் தமிழர்களில் கேட்காதவர் கிடையாது.

யாருக்குப் பயந்து வாங்கினார் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் அத்துமீறி வந்தது வேலிக்கடியில் ஒரு பெருச்சாளி மாதிரியான பிராணி. அதை விரட்டப் போனவர் துப்பாக்கி வைத்திருந்த இடுப்புப்பையின் ஜிப்பு சிக்கித் திண்டாடிக்கொண்டிருக்க, நாகமணி விளக்குமாற்றால் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள். கோயிலுக்குள் துப்பாக்கி ஆகாது என்று அந்தச் சட்டமே சொன்னது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் மனைவியும் மகளும் உள்ளே போய்க் கும்பிட்டு வருவார்கள். இவர் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு துப்பாக்கிக்குக் காவல் இருப்பார். சாமிக்குக் காவல் இருந்தாலாவது சுண்டல் கிடைத்திருக்கும்.

தொண்ணூற்றொன்பதில் வேலை நியூஜெர்சிக்கு மாறியது. அங்கே பார்சிப்பனி என்கிற ஊருக்குக் காரிலேயே புறப்பட்டார்கள். துப்பாக்கி, குண்டு போட்டபடி, டேஷ்போர்டு பெட்டிக்குள். வழியில் எத்தனையோ மாநிலம். யாரும் நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தாததை, எல்லோரும் அனுமதித்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டார் நம்மவர்.

பார்சிப்பனியில் ஜம்புநாதன் என்று ஒருவர். அங்கே இருபது வருஷம் இருந்தவர், புதிதாக வருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிறவர். அவர் விருந்துக்கு வந்தபோது சேனாபதி அட்டையை எடுத்துக் காட்டினார். ஜம்புநாதன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இது இங்க லைப்ரரி கார்டுக்குக்கூட ஆகாது சார். இந்த ஊர்ல கைத்துப்பாக்கி வாங்கணும்னாலே போலீஸ் சீஃப் பெர்மிட் குடுக்கணும். வீட்டுக்குள்ள வெச்சுக்குங்க. கார்ல லோடு பண்ணி வெச்சீங்கன்னா பெரிய கேஸ். நீங்க இன்னும் கிரீன் கார்டுதானே?”

“சிட்டிசன்ஷிப் அப்ளை பண்ணியாச்சு. இன்டர்வியூ வரணும்.”

“துப்பாக்கிக் கேஸ்ல தண்டனை ஆச்சுன்னா இன்டர்வியூ வராது சார். பிளேன் டிக்கெட்தான் வரும். ஒரு வழி.”

சேனாபதி சிரித்தார். டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸை வைத்துத்தானே இவ்வளவு தூரம் ஓட்டி வந்தேன், அது செல்லும்போது இது மட்டும் எப்படிச் செல்லாது, லைசென்ஸ் என்றால் லைசென்ஸ்தான் என்றார். ஒரே சொல், ஒரே அளவு அட்டை, ஒரே பர்ஸ். அவர் அறிவுக்கு அது போதும். இந்த நாட்டின் சட்டங்களும் லேசுப்பட்டவை இல்லை, கண்ணுங்களா. ஒரு மாநிலத்தில் மரியாதையாக இருப்பது, ஓர் ஆற்றைத் தாண்டினால் ஜெயில். தாண்டுகிறவனுக்கு ஒரு பலகை வைத்துச் சொல்ல நாதி இல்லை. துப்பாக்கியை வாங்கு வாங்கு என்று விற்றவனும் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஜம்புநாதன் சொன்னார் இல்லையா? சொன்னதைக் கேட்கக் காது வேண்டும். நம்மவருக்கு இருந்தது இடுப்பு மட்டும்.

கேட்டவள் நாகமணி. ரோஷினி பிறந்த நாடு இது, அவளுடைய பள்ளிக்கூடமும் சிநேகிதிகளும் இங்கே. அப்பன் ஒருவனை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டால் இந்தக் குடும்பம் என்ன ஆகும் என்று அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. துப்பாக்கியை வீட்டிலேயே வையுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். பெண்களுக்கு இதெல்லாம் புரியாது என்று பதில் வந்தது. பிறகு அவள் கெஞ்சவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, கத்தி, ரோஷினியின் புத்தகங்கள் எல்லாம் துடைத்து அடுக்கினாள்.

“ஏனுங்க, உங்க ஆயுதத்தையும் வைங்க. இந்த வீட்டுல அது ஒண்ணுதான நிஜமான ஆயுதம்?”

சேனாபதி உருகிப்போனார். தாத்தாவின் ரெட்டைக்குழலுக்குப் பூஜை போட்ட கதையை இன்னொரு முறை சொல்லிவிட்டு, குண்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்து வைத்தார். நாகமணி அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஒரு சாமந்திப்பூவும் செருகினாள். மறுநாள் ஆபீஸ் போக வேண்டுமே, காருக்கு மட்டும் வாசலிலேயே எலுமிச்சம்பழம் நசுக்கி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டாள். நெருப்பைக் கக்குகிற துப்பாக்கி, பூவும் பொட்டுமாய்ப் பெண் பார்க்க உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பூஜையில் வைத்ததை, மறுநாள் மறுபடி விளக்கேற்றிப் புனர்பூஜை ஆகாமல் தொடக்கூடாது. உங்களுக்கே தெரியும். மறுநாள் காலை சேனாபதி சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார், விளக்கு ஏற்றவில்லை.

“இன்னைக்கு ஆகாதுங்க. நான் வீட்டுக்குத் தூரம். மூணு நாள் கழிச்சுத்தான்.”

எந்த ஆண்பிள்ளை இதற்கு மேல் கேள்வி கேட்பான்? தானே பூஜை செய்துகொள்ளலாம்தான். கோயிலுக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன தெரியும்? கையை நீட்டிப் பார்த்தார்.

“எடுத்துக்குங்க. அத்தைகிட்ட போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுங்க.”

கையை இழுத்துக்கொண்டார். டெக்சாஸ் பார்த்த வீரனுக்குக் கோபியில் இருக்கிற அம்மாவின் திட்டுக்குப் பயம்.

புத்தகத்தைத் தொடக்கூடாது என்றதும் ரோஷினி, “நோ ஹோம்வொர்க்? ஐ லவ் திஸ் பூஜா” என்றாள்.

அன்று ஆபீஸ் போகும் வழியிலேயே பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ்காரர் ஒருவர் காரை நிறுத்தினார். ஒரு பல்பு. வாங்கி மாட்டினால் தீர்ந்தது. ஆனால் டெக்சாஸில் ஒரு விதி உண்டு. துப்பாக்கி வைத்திருக்கிறவனை போலீஸ் நிறுத்தி அடையாளம் கேட்டால், டிரைவிங் லைசென்ஸோடு அந்த அட்டையையும் சேர்த்து நீட்ட வேண்டும். மூன்று வருஷப் பழக்கம். நம்மவர் பழம் தாம்பூலம் கொடுக்கிற மாதிரி இரண்டையும் சேர்த்து நீட்டினார். முகத்தில் ஒரு புன்னகை வேறு.

போலீஸ்காரரின் கை இடுப்புக்குப் போயிற்று. துப்பாக்கி எங்கே என்று கேட்டார். வீட்டில் என்றார் இவர். நம்புவார்களா? இறங்கு என்றார், காரின் கூரைமேல் கை வை என்றார், இன்னொரு போலீஸ் கார் வந்தது. ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராக வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டே போனார்கள். டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தார்கள். வழக்கமாகத் துப்பாக்கி கிடக்கும் இடத்தில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் வெள்ளைப் பொடி.

திருநீறு. நாகமணி காருக்குப் பூஜை போட்ட கையோடு வைத்தது. அது சாமி சாம்பல் என்று நம்புகிறவரைக்கும் சேனாபதி வெயிலில் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் பல்புக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த அட்டை இந்த மாநிலத்தில் செல்லாது என்று போலீஸ்காரர் நிதானமாகச் சொன்னார். பொடி இருந்த இடத்தில் துப்பாக்கி இருந்திருந்தால் இப்போதே விலங்கு மாட்டியிருப்பேன் என்றும் சொன்னார்.

ஆபீசுக்குப் போகாமல் திரும்பி வந்த சேனாபதி பூஜை வைத்த இடத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாமந்திப்பூ வாடியிருந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

“நல்ல வேளை மணி, உனக்கு இன்னைக்குன்னு பார்த்து...”

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க. பொய்தான் சொன்னேன்.”

அவர் எழுந்து பல்பு வாங்கப் போனார். நாகமணி தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, கத்தியையும் புத்தகங்களையும் எடுத்து வைத்தாள். துப்பாக்கிக்குக் கற்பூரம் காட்டவில்லை. காவல் நிலையத்துக்குப் போன் பண்ணி, இதை ஒப்படைக்க வேண்டும், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். வந்தவர் சிவப்புப் பொட்டைப் பார்த்து ரத்தமா என்று கேட்டார். கழுவினால் போய்விடும் என்றாள். சேனாபதி அப்போது கராஜில் பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

மறுவருஷம் இன்டர்வியூ வந்தது, மூவரும் அங்கேயே நிலைத்தார்கள். இப்போதும் விருந்துகளில், ஆயுத பூஜை அன்று அம்பாள் தன்னை எப்படிக் காப்பாற்றினாள் என்று சேனாபதி விஸ்தாரமாகச் சொல்வாராம். நாகமணி குறுக்கே பேச மாட்டாள். ரசம் ஊற்றட்டுங்களா என்று கேட்டுக்கொண்டு போவாளாம்.

உங்கள் வீடுகளில், என் கண்ணுங்களா, பூஜைக்கு வைக்கிற ஆயுதம் காய் நறுக்குவதும் எழுதுவதுமாகவே இருக்கட்டும். வைத்ததை மறுநாள் சந்தோஷமாக எடுத்து வேலையைத் தொடங்குங்கள். வாசலுக்கு வருகிறவர்கள் சாப்பிட வருகிறவர்களாகவே இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நன்றாயிருங்கள்.