படம் போகும் நாட்களில்

தொலைக்காட்சியில் அந்தப் படம் போகும் நாட்களில் கனகசிங்கத்தின் மகள் கிருஷாந்தினியின் உடம்பிலிருந்து கடல்நீர் சொட்டும். பெயர்கள் ஓடும்போது முழங்கையில் தொடங்கும். இடைவேளைக்குள் உடுப்பு முழுவதும் நனைந்துவிடும். படம் முடிந்த கையோடு நின்றுவிடும். விளம்பரம் போகும் நேரத்தில் குறையும் என்று சிலர் சொன்னார்கள், அது சரியாகத் தெரியவில்லை. தகப்பனின் ஊரான நானாட்டானில் வந்து குடியேறிய புதிதில் இதை வருத்தமென்று நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். கடல் தண்ணிதான், பயப்பட ஒன்றுமில்லை, துவாய் ஒன்று கையோடு வைத்திருக்கச் சொல்லுங்கோ என்று அனுப்பிவிட்டார்.

அவள் பிறந்தது தமிழ்நாட்டில், அகதி முகாமில். ஒன்பது வயதில் படக் கம்பனியொன்று முகாமுக்கு வந்து உண்மையான அகதிப் பிள்ளைகள் வேண்டுமென்று கேட்டது. கரையில் கட்டிக் கிடந்த படகில் பிள்ளைகளை ஏற்றி, வாளி வாளியாகக் கடல்நீரை ஊற்றி, அழச் சொன்னார்கள். கிருஷாந்தினிக்கு அழுகை வரவில்லை. முடிந்ததும் பரோட்டா தருவதாகச் சொல்லியிருந்ததால் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கண்ணில் மருந்து விட்டு அழவைத்தார்கள். அவளுடைய பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சாக இருந்ததால் குரலை வேறு யாரோ பேசினார்கள். படத்தில் அந்தப் பிள்ளை "எங்கட வீடு எங்கை அப்பா" என்று கேட்டுவிட்டுக் கடலில் விழும். ஒரு கை மட்டும் கொஞ்ச நேரம் தெரியும்.

உண்மையில் கிருஷாந்தினி ஒருநாளும் கடலில் பயணம் செய்ததில்லை. திரும்பி வந்தது விமானத்தில். படகில் போனவர் கனகசிங்கம். தொண்ணூறாம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து போன அந்தப் படகில் அவருடைய தங்கை நடுக்கடலில் இறந்துபோனாள். அதை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. அவர் கருவாட்டுக்கு விலை பேசுகிறவர், பஸ்ஸில் குறட்டை விட்டுத் தூங்குகிறவர். அவரிலிருந்து ஒரு சொட்டும் வடிந்ததில்லை.

ஊர் அந்தப் படத்துக்கு மனமுருகி அழுதது. அடுத்த வளவு இந்திராதேவிதான் எல்லாரிலும் கூட அழுவாள். படம் போகும் நாட்களில் சுடச்சுடத் தேத்தண்ணியும் காய்ந்த சீலையும் கொண்டு ஓடிவந்து, "என்ர குஞ்சு, கடலுக்கை என்ன பாடு பட்டிருப்பாய்" என்று தலை துவட்டிவிடுவாள். மற்ற நாட்களில் கிருஷாந்தினி உதட்டுக்குச் சாயம் பூசி, ஸ்கூட்டியில் துணிக்கடை வேலைக்குப் போவதைப் படலையில் நின்று பார்த்து, "இந்தியாக்காரிக்கு எடுப்பைப் பார்" என்பாள். இரண்டையும் அவள் மனதாரத்தான் செய்தாள் என்று சொல்லவேண்டும்.

கனகசிங்கமும் மகளும் திரும்பி வந்தது ஒரு வயலுக்காக. கட்டுக்கரைக் குளத்து வாய்க்காலோரம் இரண்டு ஏக்கர், கனகசிங்கத்தின் தகப்பன் விதைத்தது. அவர்கள் இல்லாத காலம் முழுவதும் அதை இந்திராதேவியின் கணவர் சரவணமுத்து செய்துவந்தார். பற்றை வெட்டியதும் வரம்பு கட்டியதும் அவர்தான். மாரி மழைக்கான காலபோக விதைப்புக்கு முன் வயலைத் தரவேண்டுமென்று கிருஷாந்தினி ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பிடம் கேட்டாள். வயல் கிடைக்காவிட்டால் தகப்பன் மறுபடி முகாமுக்கே போய்விடுவார் என்று அவள் பயந்தாள். அவர் பெட்டியை இன்னும் அவிழ்க்கவில்லை.

முதல் கூட்டத்துக்கு அவள் காய்ந்த உடுப்போடு போனாள். எல்லைக் கல் எங்கே, எந்த மதகால் தண்ணி வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் பின்வரிசையில் ஒருவர், "இவளைப் பாத்தாக் கஷ்டப்பட்ட பிள்ளை மாதிரியே கிடக்கு? வழக்கறிஞர் மாதிரியெல்லோ கதைக்கிறாள்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கூட்டம் தள்ளிப்போடப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் கனகசிங்கம் சொன்னார்: "படம் போற நாளாப் பாத்துக் கூட்டத்தை வைக்கச் சொல்லுவம் பிள்ளை."

"பிச்சை எடுக்கவாப்பா வந்தோம்?"

"வயல் எடுக்க வந்தனாங்கள்."

கனகசிங்கம் கேட்டுக்கொண்டபடியே, கூட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம், வயலிலேயே, வாய்க்கால் கட்டு மருத மரத்தடியில் வைக்கப்பட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சத்தமாகக் கேட்டது. பாட்டுத் தொடங்க முன்னரே கிருஷாந்தினியின் விரல்களிலிருந்து நீர் வடியத் தொடங்கியது. அவள் வயலின் நடுவில் நின்றாள். சற்று நேரத்தில் பெண்கள் விம்மினார்கள், பின்வரிசைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சரவணமுத்து சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு, "எடுக்கட்டும், எடுக்கட்டும்" என்றார். அமைப்பின் தலைவர் தீர்மானத்தைச் சொல்ல எழுந்தார். அதற்குள் இந்திராதேவி, "கடலுக்கை விழுந்ததை உன்ர வாயால ஒருக்காச் சொல்லு குஞ்சு" என்று கேட்டாள்.

தகப்பன் அவளைப் பார்த்தார். சொல்லிவிடு என்று அவர் கண் கெஞ்சியது. படத்தில் வந்ததை அப்படியே சொன்னால் போதும், வயல் வந்துவிடும். அந்தப் பிள்ளையின் வசனங்கள் அவளுக்கு மனப்பாடம். ஆனால் வேறு யாரோ பேசிய குரலில் சொல்வதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

"அது நான் இல்லைங்க. நான் பிளேன்ல வந்தேன். சன்னல் சீட்டு. கடல்ல வந்தவர் அப்பா. அத்தை அந்தப் படகிலயே செத்துட்டாங்க. கேக்கிறதுன்னா அவருகிட்டக் கேளுங்க."

எல்லாரும் கனகசிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார். ஒருவருக்கும் அழுகை வரவில்லை. இந்திராதேவிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் அழுதது பொய்யோ?"

"நெசந்தான் மாமி. ஆனா அந்தப் பொண்ணுக்கு வயல் இல்ல. எனக்கு இருக்கு."

தலைவர் தீர்மானத்தைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார். சரவணமுத்து சால்வையை உதறித் தோளில் போட்டார். இனி வயல் இல்லையென்று அவளுக்கு விளங்கிவிட்டது. என்றாலும் படம் முடியவில்லை என்பதால் நீர் நிற்கவில்லை. அன்று விளம்பரம் கூடுதலாக இருந்தது. அவள் அசையாமல் நின்றாள். நீர் காலடியில் தேங்கி, வரம்புவரைக்கும் பரவி, மண்ணுக்குள் இறங்கியது.

மறுநாள் விடிய வயல் முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. சரவணமுத்து குனிந்து ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். நெல்லுச் செய்கிறவனுக்கு அந்தச் சுவை போதும். அவர் அன்றைக்கே தலைவரிடம் போய், "எனக்கு அந்தக் காணி வேண்டாம், அவளே வைச்சிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அது இரக்கத்தாலா, நியாயத்தாலா என்று கூட்டக் குறிப்பில் எழுதவில்லை.

அந்தப் போகமும் அடுத்ததும் அவர்கள் விதைத்த நெல் முளைக்கவில்லை. மூன்றாவது முறை கிருஷாந்தினி வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, படம் போகும் நாட்களில் பாத்தி பாத்தியாக நின்றாள். இப்போது கனகசிங்கம் உப்பு வாருகிறார். பெட்டியை அவிழ்த்துவிட்டார், அதற்குள் இருந்த தங்கையின் படம் சுவரில் தொங்குகிறது. கடலே தெரியாத இடத்தில் உப்பு எப்படி என்று வெளியூர் வியாபாரிகள் முதலில் கேட்டார்கள். பிறகு கேட்பதில்லை.

இந்திராதேவி இப்போது தேத்தண்ணி கொண்டு வருவதில்லை. படம் போனால் இன்னும் அழுகிறாள், தன் வீட்டுக்குள் இருந்து. சரவணமுத்து மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உப்புத் தண்ணி வந்துவிடாமல், அடுத்திருக்கும் தன்னுடைய வயலுக்கும் அவளுடையதற்கும் நடுவில் உயரமாக ஒரு வரம்பு போட்டிருக்கிறார். படம் போடப்போவதாக அறிவித்தால் சைக்கிளைத் துணிக்கடை வாசலில் நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்லுவார்:

"பிள்ளை, ஞாயிறு ரெண்டு மணிக்குப் போடுறாங்களாம். கிழக்கு வரம்பில நண்டு வளை கிடக்கு, அடைச்சுப்போட்டு நில்லு."

"சரிங்க மாமா, காலையிலயே அடைச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் துணி அளக்கப் போய்விடுவாள்.