கழுவாத கரந்தை

நெல் வெட்டிய வயலில் ஈரம் காயுமுன்னே கொட்டைக்கரந்தை தழைத்துவிடும். தொட்டாலே கையில் வாசம் ஒட்டிக்கொள்ளும். கனடாவிலிருந்து மச்சாள் அனுப்புகிற கமோமில் தேயிலையும் இதே குடும்பத்துப் பூண்டுதானாம். என் புருசன் கோபிசங்கர் அதைக் குடித்துவிட்டு, வெறும் சுடுதண்ணி என்று முகத்தைச் சுளிப்பார். கரந்தைக் கசாயம் குடித்தால்தான் அவருக்கு நித்திரை வரும்.

கரவெட்டியில் கதிரவேலு அண்ணையின் வயலில்தான் பதினான்கு வருசமாகப் பிடுங்குகிறேன். பூ உருண்டையாகத் திரளுமுன் பிடுங்கிவிட வேண்டும். கழுவக் கூடாது, கழுவினால் வாசம் போய்விடும். மண்ணைத் தட்டி, சுளகில் பரப்பி, நிழலில் காயவிடுவேன். இந்த முறையும் அப்படித்தான் செய்தேன். நான் பிடுங்கும்போது அண்ணை வரம்பில் நின்று பார்த்தார். கையும் காட்டினார்.

காய்ந்த இலையில் மூன்று நாள் கசாயம் வைத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் கோபி சத்தி எடுக்கத் தொடங்கினார், வாந்தி நிற்கவேயில்லை. பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் மறித்து வாட்டில் போட்டுவிட்டார்கள். என்ன சாப்பிட்டவர் என்று டொக்டர் துருவித் துருவிக் கேட்டார். கடையில் வாங்கின றோல்ஸாக இருக்கும் என்றேன். கரந்தை என் நினைவுக்கே வரவில்லை.

உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தபோது, அண்ணைக்கென்று கட்டி வைத்திருந்த கரந்தைப் பொட்டலம் கண்ணில் பட்டது. வருசா வருசம் அவருக்கும் ஒரு பங்கு கொடுப்பேன். போகிற வழிதானே என்று கொண்டுபோனேன். அண்ணை கை நீட்டவில்லை. இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போகப் பார்த்தார். அவருடைய மனைவி ஞானாம்பிகை அக்காவுக்குத்தான் மனம் கேட்கவில்லை.

“அது மருந்தடிச்ச காணி, பாலேஸ்வரி. வெங்காயம் வைக்கக் குத்தகைக்குக் குடுத்தாச்சு. நீ பிடுங்கிறதுக்கு முதல்நாள்தான் புல்லுக்கு அடிச்சவை.”

கழுவாத இலையை என் கையாலேயே காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று அண்ணையைக் கேட்டேன். சொன்னால் நான் குத்தகைக்காரனோடு சண்டைக்குப் போவேனாம், அவன் காணியே வேண்டாம் என்று போய்விடுவானாம். அதற்காகத்தான் வரம்பில் நின்று கை காட்டியிருக்கிறார். அவர் குடிக்கமாட்டார், நாங்கள் குடிக்கலாம்.

கத்த வேண்டும் போலிருந்தது. நேரமில்லை. கோபி சத்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், என்ன மருந்து என்று டொக்டருக்குக் காட்ட வேண்டும், போத்தலைத் தாங்கோ என்றேன். அண்ணை வளவின் பின்பக்கம் போய் வெறும் போத்தல் ஒன்றை எடுத்து வந்தார். தராமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, அங்கை என்ரை பேரைச் சொல்லிப்போடாதை.”

போத்தலைப் பறித்துக்கொண்டு படலைக்கு வந்தேன். வெட்கங்கெட்டவள் நான், ஒரு நிமிசம் நின்றும் பார்த்தேன். கோபிக்கு இப்போது எப்படியிருக்கிறது என்று அவர் கேட்கவேயில்லை.