அப்பா ஏறாத ஜீப்

மோகனசுந்தரம் ஜீப் வாங்கிய மூன்றாவது வாரம் தெருவுக்கு மலை வந்து சேர்ந்தது.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஷோரூமில் இருந்த பெண் இரண்டே இரண்டு கேள்விகள்தான் கேட்டிருந்தாள்.

"மலைக்கெல்லாம் போவீங்களா சார்?"

"போவேன்" என்றான். அவன் போகிற இடங்கள் மகளின் பள்ளிக்கூடம், உழவர் சந்தை, மருந்துக்கடை.

"வீட்டுல பெரியவங்க இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்றால் தாழ்வான கார்கள் நிற்கும் பக்கம் கூட்டிப்போய்விடுவாள். அது அவனுக்குத் தெரியும். "இல்ல" என்றான். அப்பா அப்போது வெளியே, மாற்றிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த பழைய குட்டிக் காரில், கதவைத் திறந்து வைத்துக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

முதல் பதிலுக்குத்தான் மலை. கம்பெனிக்காரர்கள் விடியற்காலையில் சத்தமில்லாமல் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். கோபி டவுனில் அந்தத் தெரு அதுவரை தோசைக்கல் மாதிரி சமமாக இருந்தது. இப்போது மோகனசுந்தரத்தின் வீடு உச்சியில் இருந்தது. எதிர்வீட்டு டெய்லர் குப்புராஜின் வீடு பாதிச் சரிவில், வாசல் வானத்தைப் பார்க்க, மல்லாந்து கிடந்தது.

குப்புராஜ் ஜன்னல் வழியாக வெளியே வந்தார்.

"ஏனப்பா மோகனு, வண்டி உனக்கு. மலை எங்களுக்குமா?"

"மன்னிச்சுக்கங்கண்ணா."

"மன்னிக்கறது கெடக்கட்டும். தையல் மிசினு உருண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருச்சு. பாதி தச்ச சட்டையும் அதுலதான் இருக்குது."

"யார் சட்டைங்கண்ணா?"

"உங்கப்பன் சட்டைதான்."

அன்றிலிருந்து தெருவில் யார் கீழே போனாலும் மோகனசுந்தரமே ஜீப்பில் இறக்கிவிட்டான். யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

ஜீப் மலையில் நன்றாகப் போயிற்று. குடும்பத்தோடு போவதுதான் கொஞ்சம் கஷ்டம். மனைவி கலாமணி ஒரு கையால் மேல்பிடியையும் மறு கையால் சேலைக் கொசுவத்தையும் பிடித்துக்கொண்டு ஏறுவாள். மகள் நிதர்சனாவைப் பின்கதவு வழியாகத் தூக்கிப் போட வேண்டும். தக்காளி வாங்கினால் வீடு வருவதற்குள் சட்னியாகியிருக்கும்.

"உப்பு மட்டும் போட்டுட்டா போதும்" என்பாள் கலாமணி. "ஏனுங்க, அடுத்த வாரம் உப்பும் சேத்தி வாங்கிப் பின்னாடி வெச்சிருங்க."

சீட்டில் எதை வைத்தாலும் பெல்ட் போடச் சொல்லி ஜீப் மணி அடிக்கும். முட்டைக்கோசுக்கு அடித்தது. கலாமணி முட்டைக்கோசுக்குப் பெல்ட் போட்டாள். பூசணிக்காய் தானாகவே போட்டுக்கொண்டது.

அப்பாவால் மட்டும் ஏற முடியவில்லை. பழைய காரில் முதலில் உட்காருவார். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொள்வார், அவை யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான்கள் மாதிரி. ஜீப்பின் படி அவருடைய இடுப்புக்கு இருந்தது. மோகனசுந்தரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டான். அப்பா ஸ்டூல் மேல் ஏறினார். ஜீப் ஒரு ஸ்டூல் உயரம் எழும்பியது. ஸ்டூலின் மேல் இன்னொரு ஸ்டூலை வைத்தான். ஜீப் இன்னும் எழும்பியது. அதன் அடியில் தெருநாய் ஒன்று நிமிர்ந்து நடந்து போயிற்று.

"உடு சாமி. வண்டி நல்ல வண்டி" என்றார் அப்பா, ஸ்டூல் மேல் நின்றபடியே. "பள்ளத்துல உழுந்தாலும் தெரியாது."

அவர் திட்டியிருக்கலாம்.

இரண்டாவது பதிலும் வரும் என்று மோகனசுந்தரத்துக்குத் தெரியும். அது மலை மாதிரி ஒரே நாளில் வரவில்லை.

முதலில் கலாமணி ராத்திரிச் சோற்றுக்கு மூன்று தட்டு வைத்தாள். அப்பா எழுந்துபோய்த் தன் தட்டைத் தானே கழுவி எடுத்துவந்தார். மறுநாள் அவர் சாய்ந்திருந்த நாற்காலி மேல் நிதர்சனா ஈரத்துண்டைக் காயப்போட்டாள். துண்டு அவருடைய மடியில் கிடந்தது. காயும்வரை அப்பா அசையாமல் இருந்தார்.

"நாற்காலில யாரு இருக்கறாங்க பாரு கண்ணு" என்றான் மோகனசுந்தரம்.

நிதர்சனா பார்த்தாள். "துண்டு" என்றாள்.

அந்த வாரம்தான் சரசு அத்தை போன் செய்தாள். அப்பாவின் ஒரே தங்கை. அவளுடைய மகன் சிதம்பரநாதனுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. சிதம்பரநாதனுக்கு நாற்பத்திரண்டு வயது. வங்கியில் மேலாளர். சின்ன வயதிலிருந்தே ஒவ்வொரு முறையும் ஏதாவது தடங்கல் வந்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியாது.

"அண்ணன் வந்துருமல்லோ?" என்றாள் அத்தை. "இந்த வாட்டி உட்டா அப்பறம் இவனுக்கே பேரன் பொறந்து அவனுக்குக் குத்தோணும்."

"கூட்டிட்டு வர்றனுங்க அத்தை."

"அண்ணங்கிட்டக் குடு."

அப்பா போனை வாங்கிப் பேசினார். நிறையப் பேசினார், சிரித்தார். போனில் அத்தை "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா எல்லோருக்கும் முன்பே தயாராகி, வெள்ளை வேட்டியில் ஜீப்பின் பக்கத்தில் நின்றார். மோகனசுந்தரம் மூன்று ஸ்டூல்களையும் ஒரு ஏணியையும் கொண்டுவந்தான். அவை தேவைப்படவில்லை. கலாமணி உள்ளே இருந்து கை கொடுத்தாள். கை கொடுத்ததும் அப்பா மேலே வந்துவிட்டார், கொடியிலிருந்து சட்டையை எடுத்த மாதிரி.

"அட! ஏறிட்டீங்களே மாமா!" என்றாள் கலாமணி. அவளுக்கு ஒரே சந்தோஷம். "நாமதான் சும்மா பயந்துட்டு இருந்தோம்."

"பாத்தியா" என்றார் அப்பா. "பழகிப்போச்சு."

அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட் போடவில்லை. மோகனசுந்தரம் சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தான்.

மணி அடிக்கவில்லை.

"போலாமுங்களா?" என்றாள் கலாமணி.

அவன் இறங்கிப்போய் அப்பாவுக்குப் பெல்ட்டை மாட்டினான். இறுக்க இறுக்கப் பெல்ட் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அப்பா அதைக் கையில் பிடித்துக்கொண்டார். மலையிலிருந்து இறங்கும்போது மோகனசுந்தரம் முதல் கியரை விட்டு மாற்றவில்லை. ஜன்னல்களை எல்லாம் ஏற்றிவிட்டான். காற்று அடித்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கன்னிமார் கோயிலில் பந்தல் போட்டிருந்தார்கள். சிதம்பரநாதன் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பட்டு வேட்டி கட்டி, செல்போனில் யாருடைய கடனையோ நிராகரித்துக்கொண்டிருந்தான். அப்பா ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலி இல்லையாம். அப்படி அவர் சொன்னதை மோகனசுந்தரம் மட்டும்தான் கேட்டான்.

"உக்காருங்க மச்சான்" என்றான் சிதம்பரநாதனிடம்.

"கனமா இருப்பனே மாமா" என்று சிதம்பரநாதன் பொதுவாகச் சொல்லிவிட்டு மாமன் மடியில் உட்கார்ந்தான்.

தொப்பென்று சத்தம் கேட்டது. சிதம்பரநாதன் ஜமக்காளத்தில் இருந்தான்.

ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார். "மடி இல்லீங்களே" என்றார்.

பந்தலில் பேச்சு நின்றது. சரசு அத்தை மோகனசுந்தரத்திடம் வந்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. பயந்திருந்தாள்.

"என்ற அண்ணன் எங்கடா?"

மோகனசுந்தரம் பார்த்தான். சிதம்பரநாதனின் வேட்டி மடிப்புகளுக்கு நடுவில், இன்னும் சம்மணம் போட்டபடி, அப்பா தன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை.

"இருக்காரு" என்றான் மோகனசுந்தரம்.

சிதம்பரநாதன் ஜமக்காளத்திலிருந்து ஒரு விரற்கடை எழும்பினான்.

"அட" என்றார் ஆசாரி. "இன்னொருக்கா சொல்லுங்க."

"இருக்காரு."

இன்னும் கொஞ்சம் எழும்பினான். மோகனசுந்தரம் மூச்சு வாங்கச் சொல்வதை நிறுத்தினான். சிதம்பரநாதன் இறங்கிவிட்டான்.

"நிறுத்தாதீங்க சாமி" என்றார் ஆசாரி. "மடி ஆடுனா ஊசி கோணிக்கும். ஒரே சீரா சொல்லுங்க."

"இருக்காரு. எங்கப்பா இருக்காரு. வீட்டுல இருக்காரு. எப்பவும் இருக்காரு."

முதலில் வேட்டிக்கரை தெரிந்தது. பிறகு முழங்கால்கள். சிதம்பரநாதனின் கனத்தில் அவை நடுங்கின. அப்பாவின் முகம் வலியில் சுருங்கியது. "யப்பா" என்றார் சத்தமாக. அது பந்தல் முழுவதற்கும் கேட்டது. சரசு அத்தை அழ ஆரம்பித்தாள். கலாமணி தன் மாமனாரையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆசாரி வலது காதைக் குத்தினார். சிதம்பரநாதன் "அம்மா" என்று அலறினான். அப்பா அவனுடைய மொட்டைத் தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஆசாரி ஊசியைத் துடைத்தார், வெளிச்சத்தில் பார்த்தார், மறுபடியும் துடைத்தார். அவருக்கு அவசரமே இல்லை. இடது காது பாக்கி இருந்தது.

"இருக்காரு" என்றான் மோகனசுந்தரம். தொண்டை வறண்டுவிட்டது. நிதர்சனா ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடித்தால் வாய் மூடும். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, "இருக்காரு" என்றான்.