சுவரில் இருந்த கை

எங்கள் ஊரில் கல்லூரி ஒன்றுதான். சிலையும் சுவரோவியமும் மட்டும் தெருவுக்குத் தெரு. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் இவற்றைக் காட்டுவது என் பிழைப்பு. ரவுண்டானா குதிரைக்கு ஏன் வால் இல்லை என்று வாரம் தவறாமல் ஒருவர் கேட்பார். எனக்கும் தெரியாது, ஆனால் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன்.

என் வீட்டு மாடியில் அக்கா குடியிருக்கிறாள். கூடப் பிறந்தவள் இல்லை, அதற்கும் மேலே. கல்லூரி விடுதியில் சமைக்கிறாள். புருஷன் அவளுடைய இடது கையைக் கதவிடுக்கில் வைத்து ஓங்கிச் சாத்தியதில் இரண்டு விரல்கள் கோணிப்போய்விட்டன, மோதிர விரலில் நகமே இல்லை. அன்றைக்கு ஓடி வந்தவள்தான். கண்ணில் பட்டால் கொன்றுவிடுவேன் என்று அவன் சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிற ஆள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், ஊர்ச் சுவர்களில் படம் போடுகிற எங்கள் சிநேகிதன் தாடி, அவளைப் பேருந்து நிலையச் சுவரில் வரைந்து வைத்தான். மாவு பிசைகிற பெண், ஆளுயரத்துக்கு மேலே. போய்க் கத்தினேன்.

"மூஞ்சிய மாத்திடுறேன், கோவிச்சுக்காத," என்றான்.

மாற்றினான். கையை விட்டுவிட்டான். முகத்தைக் கற்பனையில் போடலாம், கையை ஆளைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்பது அவன் பிடிவாதம். எந்தப் படத்திலும் கையைத்தான் முதலில் வரைவான், பிறகு அதைத் தொடவே மாட்டான்.

அந்த ஞாயிறு என்னோடு வந்தவர்களில் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. கோணல் விரல்களைத் தடவிக்கொண்டே நின்றான்.

"இது யாரு கை?"

"ஓவியரோட கற்பனை சார்."

"நகம் இல்லாததுமா?" சிரித்தான். "நான் செஞ்ச வேலை எனக்குத் தெரியாதா?"

இத்தோடு முடிந்தது, எல்லாரும் கிளம்பலாம் என்றேன். யார் கேட்டார்கள்? "நாடகம் இருக்குன்னீங்களே!" என்று முணுமுணுத்தபடி எதிரே கல்லூரிப் புல்வெளிக்குத் தாங்களாகவே நடந்தார்கள். அவனும் என்னை உரசிக்கொண்டே வந்தான். போலீசுக்கு போன் போட்டேன்; மணி அடித்துக்கொண்டே இருந்தது.

புல்வெளியில் சுவரே இல்லாமல் ஓர் இரும்புக் கதவு மட்டும் திறந்தபடி நிற்கிறது. அதுதான் எங்கள் ஊரின் பெருமை. தள்ளினால் முதலில் மசமசவென்று நகரும், பிறகு தன் கனத்திலேயே வேகம் பிடிக்கும். நிலையில் கை வைக்காதீர்கள் என்று வாராவாரம் தொண்டை வற்றச் சொல்வேன். நாடக மாணவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, அங்கே திடீரென்று அடிதடியில் இறங்குவார்கள். பயப்படாதீர்கள், நடிப்புதான் என்று அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம். அன்றும் சொல்லியிருந்தேன். மாணவர்கள்தான் இன்னும் வந்து சேரவில்லை.

கதவருகே வந்ததும் அவன் என் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை இரும்பில் மோதினான். பல் உடைந்து நாக்கில் விழுந்தது.

"எங்கடி அவ?"

கூட்டம் கைதட்டியது.

"இது நடிப்பு இல்ல! யாராவது வாங்க!" என்று அலறினேன்.

"எவ்ளோ தத்ரூபமா பண்றா பாரு," என்று ஓர் அம்மாள் கைபேசியை உயர்த்தினாள். மறுபடி மோதினான். மூக்கு நொறுங்கிச் சட்டையெல்லாம் ரத்தம். பாவிகள், அதற்கும் தட்டினார்கள்.

விடுதிச் சமையலறை ஜன்னல் புல்வெளியைப் பார்த்து இருக்கிறது. அக்கா என் குரலை அடையாளம் கண்டு, கையில் மாவோடு ஓடி வந்தாள். அவன் ஒரு கையில் என் முடி, மறு கை கதவு நிலையில். அவளைப் பார்த்ததும் அவனுக்கு முகமெல்லாம் பல்.

"வா, வா. இன்னொரு கை பாக்கி இருக்கே."

அக்கா கதவுக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு மெல்லத்தான் நகர்ந்தது. அவன் இளித்துக்கொண்டிருக்கும்போதே வேகம் பிடித்துவிட்டது. சுள்ளிக்கட்டை மிதித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு அவன் போட்ட ஓலத்தில்தான் கைதட்டல் நின்றது. எனக்குப் பரிதாபம் வரவில்லை, வயிறு குளிர்ந்தது.

போலீஸ் அக்காவையும்தான் இழுத்துப்போனது. அந்த அம்மாள் கைபேசியில் எடுத்ததைக் காட்டித்தான் அவளை விட்டார்கள். அந்த மட்டுக்கு அம்மாளை மன்னித்தேன், கைதட்டியதற்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தாடி அழுதான். "அந்தக் கைய இன்னைக்கே அழிச்சிடுறேன் அக்கா."

"கை இருக்கட்டும். அது என் கை," என்றாள் அக்கா. "மூஞ்சிதான் எவளோடதோ. அத அழிச்சிட்டு என்னோடத வை."

தையல் போட்ட உதட்டைக் கஷ்டப்பட்டு அசைத்துக் கேட்டேன், "அவன் வெளிய வந்தா?"

"வரட்டும்," என்றாள் அக்கா. "பஸ்ஸ விட்டு எறங்குனதும் என் மூஞ்சியிலதான் முழிக்கணும்."